புதினத்திற்கு ஓர் அருங்காட்சியகம்: மட்சுயாமாவும் ஷிபா ரியோத்தாரோவின் வரலாற்றுப் புனைவும்

முன்னுரை

எழுத்தாளர்க்கு நினைவில்லம் அமைப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம். ஒரு புதினத்திற்கென்றே அருங்காட்சியகம் அமைவது அரிது. ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள மட்சுயாமா நகரில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘சக்கா நோ உயே நோ குமோ’ அருங்காட்சியகம் அத்தகையது. இப்பெயர் ‘மேட்டின்மேல் மேகம்’ எனப் பொருள்படும். புனைவு காட்சிப்பொருளாகும்போது வரலாற்றுக்கும் அதற்குமுள்ள எல்லை என்னவாகிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதினமும் மாந்தரும்

ஷிபா ரியோத்தாரோ (1923–1996) இப்புதினத்தை 1968 முதல் 1972 வரை ‘சங்கேய்’ நாளிதழில் தொடராக எழுதினார். மட்சுயாமாவில் பிறந்த மூவர் இதன் முதன்மை மாந்தர். அகியாமா யொஷிஃபுரு ஜப்பானின் குதிரைப்படையை உருவாக்கியவர். அவர் தம்பி சனேயுகி, 1905ஆம் ஆண்டு சுஷிமா கடற்போரில் உத்தி வகுத்த கடற்படை அலுவலர். மூன்றாமவர் கவிஞர் மசவோகா ஷிகி. தமிழில் ஹைக்கூ என வழங்கும் வடிவத்திற்கு அப்பெயரை நிலைபெறச் செய்தவர் இவரே. ஜப்பானியக் கவிதை குறித்துப் பாரதியார் 1916இல் ‘சுதேசமித்திர’னில் எழுதியதை நினைவுகூர்ந்தால், ஷிகியின் ஊர் தமிழாய்வாளர்க்கு முற்றிலும் அயலானதன்று.

கட்டடமும் காட்சியும்

கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ இதனை முக்கோண வடிவில், மட்சுயாமா கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் அமைத்துள்ளார். தளங்களைச் சாய்வுப்பாதைகள் இணைக்கின்றன. பார்வையாளர் மெல்ல மேடேறியே காட்சிகளைக் காண்கிறார். புதினத்தின் தலைப்பு இவ்வாறு நடையாகவே உணர்த்தப்படுகிறது.

மூவர் வாழ்வையும் மெய்ஜிக் காலத்தையும் பற்றிய காட்சிகளோடு, நாளிதழில் வெளிவந்த 1296 தொடர்ப்பகுதிகளும் ஒரு பெருஞ்சுவரில் ஒட்டுமொத்தமாக வைக்கப்பட்டுள்ளன. ஆய்வு நோக்கில் இச்சுவரே தலையாயது எனலாம். நூலாகப் படிக்கும்போது மறைந்துவிடும் ஓவியங்களும், நாள்தோறும் அளந்து எழுதிய சிறு பகுதிகளும் இங்கே புலனாகின்றன.

எழும் சிக்கல்

இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றிய ஷிபா, தாம் கண்ட ஜப்பானுக்கு மாறான ஒரு ஜப்பானை மெய்ஜிக் காலத்தில் தேடினார். ஆயினும் இப்புதினம் போரைப் போற்றுவதாகத் தவறாகக் கொள்ளப்படும் என அஞ்சி, அதனைத் திரைக்காட்சியாக்க அவர் இசையவில்லை. அவர் மறைவுக்குப் பின்னரே என்.எச்.கே. தொலைக்காட்சி 2009 முதல் 2011 வரை அதனை நாடகமாக ஒளிபரப்பியது.

அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆர்தர் துறைமுக முற்றுகையில் தளபதி நோகியைத் திறமையற்றவராகப் புதினம் காட்டுவதைப் படைத்துறை வரலாற்றாசிரியர் பலர் மறுத்துள்ளனர். ரஷ்ய–ஜப்பானியப் போரின் தரைப்போர்கள் பெரும்பாலும் சீன மண்ணில் நிகழ்ந்தன. அதன் விளைவாகக் கொரியா ஜப்பானின் பிடிக்குள் வந்து, 1910இல் இணைத்துக்கொள்ளப்பட்டது. மேடேறியோரின் ஊக்கத்தை விரித்துரைக்கும் புதினத்தில் கொரிய மக்களின் இழப்புக்கு உரிய இடமில்லை என்பது திறனாய்வாளர் கூற்று. புனைவு மாந்தர், மெய்யாக வாழ்ந்த மனிதர் என்னும் இரு நிலைகளும் ஒரே கூடத்தில் சந்திக்கையில், ஆசிரியரின் தீர்ப்பை வரலாற்றின் தீர்ப்பாகப் பார்வையாளர் ஏற்றுக்கொள்ளக்கூடும்.

முடிவுரை

இவ்வருங்காட்சியகத்தில் மூன்று காலங்கள் அடுக்கப்பட்டுள்ளன: போர் நிகழ்ந்த 1904–05; மெய்ஜி நூற்றாண்டையும் பொருளாதார எழுச்சியையும் ஒட்டிப் புதினம் எழுதப்பட்ட 1968–72; நகரம் அதனைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட 2007. இவற்றைப் பிரித்தறிவதே ஆய்வாளரின் பணி. அதற்கு நாளிதழ்ச் சுவர் துணைசெய்கிறது. இங்குக் காண்பது மெய்ஜிக் காலமன்று, மெய்ஜிக் காலத்தைப் பற்றி 1968இல் ஒருவர் எழுதத் தொடங்கிய கதை என்பதை அது நினைவூட்டுகிறது. வரலாற்றுப் புதினங்களுக்கு நினைவிடம் அமைக்க எண்ணுவோர் எவரும், படைப்பு எழுதப்பட்ட காலத்தையும் காட்சிப்படுத்துதல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் கருத்தாகும்.