74-க்கும் 75-க்கும் நடுவில்

மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம்களில் அதிகம் காதில் விழும் கேள்வி, "எத்தனை பர்சென்ட் போட்டாங்க?" என்பதுதான். என்ன பாதிப்பு, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். மாதாமாதம் பணம் வருமா வராதா என்பது அந்த எண்ணில் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் இடஒதுக்கீடு கேட்க 40 சதவீதம் வேண்டும். தமிழக அரசின் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் பிரிவுக்கு 75. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு என்றால் 40 போதும். மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியத் திட்டமோ 80 கேட்கிறது. குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். கையில் இருப்பது ஒரே அட்டைதான். 74 போட்டுக்கொடுத்த காலும் 75 போட்டுக்கொடுத்த காலும் ஒரே பஸ் படியில் ஏற முடியாமல்தான் நிற்கின்றன.

இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் கூட்டிப் போடுவார்கள் என்று பலர் நம்பி வருகிறார்கள். 40-ம் 30-ம் அங்கே 70 ஆகாது. 90-இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். விடை 57-ஐ எட்டாது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று மனம் நொந்து திரும்ப வேண்டியதில்லை.

வரம்பு இல்லாவிட்டால் தகுதியில்லாதவர்கள் புகுந்துவிடுவார்கள் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தகுதியுள்ளவர் வெளியே நிற்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை, அதிலும் மனநோயாளிகளைப் பற்றி.

காலை அளக்கலாம், காதைக் கருவி வைத்துச் சோதிக்கலாம். மனநோய்க்கு அப்படி ஒரு கருவி இல்லை. தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்குக்கும் தலா 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் 40 சதவீதம் தொடங்கும்.

முகாம் நாளன்று அம்மா என்ன செய்வாள்? விடியற்காலையில் மகனை எழுப்பி, குளிக்கவைத்து, சவரம் செய்யச் சொல்லிக் கெஞ்சி, சலவைச் சட்டை போட்டு அழைத்து வருவாள். "நீயே குளிப்பியாப்பா?" என்று டாக்டர் கேட்டால் அவன் தலையாட்டுவான். தனக்கு நோயே இல்லை என்று நினைப்பதும் அந்த நோயின் ஒரு பகுதி. வெளியே வந்து அம்மா புலம்புவாள்: "நான் சொல்லச் சொல்ல அவன் எல்லாம் நானே செய்வேன்னுட்டான் சார்." அவளுடைய இருபத்துநாலு மணி நேர உழைப்பு அவன் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறது. அந்த உழைப்பால்தான் அவளாலும் கூலி வேலைக்குப் போக முடியவில்லை.

ஆகவே முகாமுக்குப் போகும் குடும்பங்கள் ஒரு நோட்டு போடட்டும். மாத்திரையை யார் எடுத்துக்கொடுக்கிறார்கள், கடைசியாக எப்போது வேலைக்குப் போனான், எந்த இரவில் வீட்டைவிட்டுக் கிளம்பினான் என்று தேதியோடு எழுதுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். மகனை விட்டுத் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். எண் குறைந்துபோனால், அந்த 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. மனுவோடு அந்த நோட்டின் நகலையும் இணைத்துக் கொடுங்கள்.