உங்களுக்குத் தெரியுமா? பன்னீர் திராட்சையும் கூட்டுறவு ஒயினும்

நெய்வேலி நகரியத்துப் பழக்கடைகளிலும் காணப்படும், தோலைப் பிதுக்கியதும் பன்னீர் மணம் கமழும் கருநீலத் திராட்சை, 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படுகிறது.

'மஸ்கட் ஹாம்பர்க்' எனப்படும் இவ்வகை, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல்களில் படரவிடப்பட்டு, கவாத்து செய்யும் (பழைய கிளைகளை வெட்டிப் புதுத் தளிரை வரவழைக்கும்) காலம் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றப்படுவதால், ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. ஒரு வட்டாரத்தின் பெயரை அதன் விளைபொருளுக்கே உரியதாக்கும் புவிசார் குறியீட்டையும் 'கம்பம் பன்னீர் திராட்சை' 2023-இல் பெற்றது.

உண்பதற்கே பெரிதும் விற்கப்படும் இப்பழம் ஒயினுக்கும், அதாவது சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர் ஆல்கஹாலாக மாற்றுவதால் உருவாகும் மதுவுக்கும், ஏற்றதாகும்.

ஒயினை விளைவிப்போரே கூட்டாக விற்றதற்கு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரான்சின் தென்பகுதியிலுள்ள மரோசான் என்னும் சிற்றூரில், ஒயின் விலைவீழ்ச்சியால் நலிந்த சிறு திராட்சை விவசாயிகள் 1901-இல் கூட்டுறவாக இணைந்து, எளியோர் அன்றாடம் அருந்தும் ஒயினைப் பாரிஸ் தொழிலாளர்களின் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு நேரடியாக விற்றனர். விளைவிப்போர் ஒன்றுபட்டால் இடைத்தரகரின்றி உரிய விலை பெறலாம் என்னும் அவ்வூரின் பாடம், கம்பத்துக் கொடிப்பந்தல்களுக்கும் பொருந்துவதாகும்.