மத்தும் லேத்தும் ஒரே குடும்பம்

சால்ட் லேக்: லேத் என்றதும் லிலுவா, காஞ்சரப்பாரா ரயில்வே பட்டறைகளில் இரும்பைச் சீவும் டர்னர்கள்தான் நம்மவர் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இரும்புக்கு முன்பே மரத்தைக் கடைந்த லேத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். சால்ட் லேக்கில் வங்காளி வீட்டில் லூச்சி தேய்க்கும் பேலனும், அடுத்த தமிழர் வீட்டு மத்தும் கடைசல் பட்டறையில் பிறந்தவையே.

இதன் சரித்திரம் நம் மொழியிலேயே இருக்கிறது. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். தீ மூட்டும் கோலுக்குத் தீக்கடைகோல் என்று பெயர். மூன்றிலும் வேலை ஒன்றே: கோலைச் சுழற்றுவது. மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுப்பதுபோல, அந்நாளில் மரக்கட்டையை இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே பொருத்திக் கயிறு சுற்றி இழுத்தார்கள். எகிப்தில் பெத்தோசிரிஸ் என்பவரின் கல்லறையில், கி.மு. 300 வாக்கில் செதுக்கிய சிற்பத்தில் ஒருவர் கயிறு இழுக்கிறார். மற்றவர் உளி பிடிக்கிறார்.

இம்முறையில் ஒரு சங்கடம் உண்டு. கட்டை முன்னும் பின்னும் சுழலும். தன் பக்கம் வரும் சுற்றில்தான் உளி வெட்டும். எதிர்ச்சுற்றில் அதைச் சற்றே விலக்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவர் வில்லின் கயிற்றைக் கட்டையில் சுற்றி ஒரு கையால் இழுத்தார். மறு கையாலும் கால் விரல்களாலும் உளியைப் பிடித்தார். நம் நாட்டுக் கடைசல்காரர்கள் தரையில் உட்கார்ந்து இப்படித்தான் வேலை செய்தார்கள். ஐரோப்பாவில் 13-ம் நூற்றாண்டிலேயே காலால் மிதிக்கும் லேத் இருந்தது. மேலே கட்டிய கழி வளைந்து நிமிர்ந்து கயிற்றைத் திரும்ப இழுக்கும். பின்னர் கனத்த சக்கரம் சேர்ந்தது. கட்டை ஒரே திசையில் ஓயாமல் சுழன்றது.

உளிகளில் முக்கியமானவை மூன்று. நகம்போல் வளைந்தது உருட்டி எடுக்க, சாய்ந்த வாயுள்ளது வழவழப்பாக்க, மெல்லியது துண்டிக்க. 1800 வாக்கில் இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே, இரும்பு லேத்தில் உளியை இயந்திரமே பிடிக்கும்படி செய்தார். மரக் கைக்கடைசலில் உளி இன்றும் கையில்தான்.

நெல்லை மாவட்டம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும், கர்நாடகத்தின் சன்னபட்டணம் பொம்மைகளும் இந்தக் கைத்திறனுக்குப் பேர்போனவை. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. மோட்டார் வந்ததும் கயிறு இழுப்பவருக்கு வேலை போயிற்று. பிளாஸ்டிக் வந்ததும் கடைசல்காரருக்கே வேலை குறைந்தது. கட்டையை மின்சாரம் சுழற்றிவிடும். எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பதைக் கைதான் அறியும். அந்தக் கை பழகப் பல வருஷம் ஆகும்.

லீவில் நெல்லைப் பக்கம் போகும் அன்பர்கள், குழந்தைகளுக்கு ஒரு செட் மரச் சொப்பு வாங்கி வரலாம். பிள்ளைக்கு விளையாட்டு, கடைசல்காரருக்கு ஒரு நாள் கூலி.