“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது”: அந்த அட்டைதான் சட்டமா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மாவுக்கு ஒரு சோபா செட் வாங்கினோம். விலை 2,680 ரிங்கிட். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, செலவு போக மிச்சம் பிடித்து வைத்திருந்த அவருடைய சொந்தப் பணம் அது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான பழைய நாற்காலியில் உட்கார்ந்தால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அதனால் கடையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “உயரமா, கெட்டியா இருக்கணும் தம்பி. நல்ல பலகையா?” விற்பனையாளர் இளைஞர் சோபாவின் கையை இரண்டு முறை தட்டிக் காட்டினார். “முழுக்க முழுக்க நல்ல மரம்மா. பத்து வருஷத்துக்கு அசையாது.”

ஆறே வாரத்தில் அசைந்தது. ஒரு நாள் காலை அம்மா உட்கார்ந்ததும் இருக்கையின் நடுப்பகுதி ‘மடக்’கென்று உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, அடி ஏதும் படவில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். மரம் என்று சொன்ன சட்டம், மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டு. மேலே மர நிறத்தில் மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. திருகாணி பிடித்த இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது.

தொலைபேசியில் அழைத்த பிறகு கடையிலிருந்து ஒருவர் வந்தார். பசை தடவி, நான்கு ஆணி அடித்துவிட்டுப் போனார். பதினைந்து நாள் தாங்கியது. மறுபடியும் அதே இடம் உடைந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்கக் கடைக்குப் போனபோது, மேலாளர் எங்களோடு வாதாடவே இல்லை. கல்லாவுக்கு மேலே தொங்கிய அட்டையைக் கைகாட்டினார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, பணம் திருப்பித் தரப்படாது’ என்று மலாயில் எழுதியிருந்தது. அடுத்து, சாமான் இறக்கிய அன்று அம்மா கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் இருந்தது. வேண்டுமென்றால் இன்னும் 600 ரிங்கிட் போட்டு வேறு சோபா எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: “விடும்மா. போனது போகட்டும். கையெழுத்து வேற போட்டுட்டேன். என் தப்புதான்.”

எனக்கு உறுத்தியது பணத்தைவிட அந்தக் கடைசி வார்த்தைதான். ஏமாற்றப்பட்டவர் தன் மீதே பழியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி ‘விடும்மா’ என்று விட்டிருக்கிறோம்!

அட்டை பெரிதா, சட்டம் பெரிதா?

நம் நாட்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கும் சோபா, கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாம் அதில் அடங்கும்.

அந்தச் சட்டத்தின்படி, வணிகர் விற்கும் பொருளுக்குச் சில உத்தரவாதங்கள் தாமாகவே உண்டு. கடைக்காரர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. வாரண்டி அட்டையும் தேவையில்லை. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆவது பிரிவு. அதன் விலை, தன்மை ஆகியவற்றைப் பார்த்து, நியாயமான ஒருவர் எதிர்பார்க்கும் அளவுக்கு அது பாதுகாப்பாகவும் உழைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சொன்ன வர்ணனைக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 34ஆவது பிரிவு. மரம் என்று சொன்னால் மரமாக இருக்க வேண்டும்.

இந்த உரிமைகளை ஓர் ஒப்பந்தமோ கடைச் சுவரில் தொங்கும் அட்டையோ பறித்துவிட முடியாது. ஆகவே ‘திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்பு, பழுதான பொருளை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. அம்மா போட்ட கையெழுத்தும் அப்படித்தான். சாமான் வந்து இறங்கியது என்பதற்கு அது சாட்சி. மெத்தைக்கு அடியில் ஒளிந்திருந்த சிப்போர்டை ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சி ஆகாது.

எடுத்தவுடன் பணம் கிடைக்குமா?

எல்லா நேரமும் இல்லை. இதற்கு ஒரு வரிசை உண்டு. அதை 41ஆவது பிரிவு சொல்கிறது. சரிசெய்யக்கூடிய பழுது என்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி முதலில் கடையைக் கேட்க வேண்டும். கடை மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ, செய்தும் சரியாகாவிட்டாலோ பொருளை நிராகரிக்கலாம். சரிசெய்யவே முடியாத பழுது, அல்லது பெரும் பழுது என்றால் நேராகவே நிராகரிக்கலாம். நிராகரித்த பிறகு பணமா, அதே வகையில் மாற்றுப் பொருளா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு.

எங்கள் கதையில், அந்த நான்கு ஆணிதான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது. கடைக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தோம், அவர்கள் முயன்றார்கள், சரியாகவில்லை. கோபத்தில் ‘ஆளை அனுப்ப வேண்டாம், பணத்தைக் கொடு’ என்று முதல் நாளே கத்தியிருந்தால், பழுது பார்க்க நாங்கள் விடவில்லை என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

தளவாடம் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பிரிவும் இருக்கிறது. நிராகரித்த பொருளை வாங்கியவர் கடைக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அதன் அளவு காரணமாகப் பெரும் செலவில்லாமல் கொண்டுபோக முடியாது என்றால், கடைக்காரரே தம் செலவில் வந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறது 45ஆவது பிரிவு. ‘லோரி வைத்து நீங்களே கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்’ என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

எதற்குக் கிடைக்காது?

மனம் மாறியதற்குச் சட்டம் பணம் வாங்கித் தராது. வீட்டில் போட்டுப் பார்த்தால் நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் 300 ரிங்கிட் குறைவு, அளக்காமல் வாங்கிய அலமாரி அறை வாசலில் நுழையவில்லை என்றெல்லாம் போய் நின்றால், கடைக்காரர் நல்ல மனதோடு செய்தால்தான் உண்டு. காட்சிக்கு வைத்த மேசையில் கீறல் இருப்பதை முன்கூட்டியே காட்டி, அதற்காக விலையைக் குறைத்துக் கொடுத்திருந்தால், பிறகு அதே கீறலைச் சொல்லிப் புகார் செய்ய முடியாது.

தாமதமும் ஆகாது. பழுது தெரிந்தும் மாதக்கணக்கில் உட்கார்ந்து புழங்கிவிட்டு நிராகரிக்கப் போனால், அந்த உரிமையை இழக்க நேரிடும். உடைந்த சோபாவைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாலும் அப்படித்தான்.

5 ரிங்கிட்டில் ஒரு வழக்கு

முதலில் கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். வாங்கிய தேதி, விலை, என்ன சொல்லி விற்றார்கள், எப்போது உடைந்தது, எப்போது பழுது பார்த்தார்கள், மறுபடி எப்போது உடைந்தது, இப்போது நாங்கள் கேட்பது என்ன. கடைசியில், பதினான்கு நாளில் பதில் வேண்டும் என்ற வரி. பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

அடுத்துப் போனது மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு. மலாயில் ‘திரிபுனல் துந்துத்தான் பெங்குனா’. உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இயங்குவது. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரைதான் கோர முடிந்தது. அது பிறகு 25,000 ஆகி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 ரிங்கிட் ஆகியிருக்கிறது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

‘போராங் 1’ என்ற பாரத்தைப் பூர்த்தி செய்தோம். நேரில் போய்க் கொடுக்கலாம். இணையம் வழியும் செய்யலாம். முத்திரையிட்ட நகலைக் கடைக்கு நாமே நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்க்க வேண்டும். சேர்த்ததற்கான அத்தாட்சியைத் தொலைக்கக் கூடாது. கடைக்காரர் பதினான்கு நாளில் எதிர்வாதம் தரலாம். பிறகு விசாரணைத் தேதி வரும். அந்த நாளில் நாம் போகாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். அவர்கள் வராவிட்டால், அவர்கள் இல்லாமலே தீர்ப்பு வரலாம்.

பிப்ரவரியில் மனு செய்தோம். ஏப்ரலில் விசாரணை. நீதிமன்றம் என்று அம்மா முதல் நாள் இரவு தூங்கவே இல்லை. போய்ப் பார்த்தால் ஒரு கூட்ட அறை போலத்தான் இருந்தது.

மேலாளர் மறுபடியும் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். நான் எங்கள் இரசீதைக் காட்டினேன். அதில் சோபாவின் பெயருக்குப் பக்கத்தில், விற்பனையாளர் தம் கைப்பட ‘கயு பெஜால்’ என்று எழுதியிருந்தார். திடமரம் என்று பொருள். நாங்கள் எழுதச் சொல்லவில்லை, அவராக எழுதியது. எங்கள் அதிர்ஷ்டம். அடுத்து, உடைந்த சிப்போர்டின் படங்களைத் தேதியோடு வரிசையாக வைத்தேன்.

தலைவர் படங்களைப் பார்த்தார், இரசீதைப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் ஒரே கேள்வி கேட்டார்: “இது திடமரமா?”

மேலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரு தரப்பும் இணங்கிப் போக முடியுமா என்று தலைவர் கேட்டார். அது அந்த மன்றத்தின் வழக்கம். இணக்கம் ஏற்பட்டால் அதுவே உத்தரவாகப் பதிவாகும். இரசீதில் உள்ள தொகையைக் கொடுத்துவிட்டு, சோபாவைத் தம் செலவில் எடுத்துக்கொள்ள மேலாளர் ஒப்புக்கொண்டார்.

உத்தரவை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதமோ சிறையோ விதிக்கலாம். பதினோராவது நாள் பணம் அம்மாவின் கணக்கில் ஏறியது.

ஆனால் முழுப் பணமும் இல்லை. லோரிக் கூலியாக 80 ரிங்கிட்டை, சாமான் இறக்கிய ஆளிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தோம். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கேட்டுப் பார்த்தோம், கொடுத்ததைக் காட்ட முடியவில்லை. போனது போனதுதான்.

வாங்கும்போதே செய்ய வேண்டியவை

பணம் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பண்டிகை நேரத்து நெரிசலில் நாம் கோட்டை விடுவதும் அங்கேதான்.

இரசீதில் ‘சோபா 1 செட்’ என்று மட்டும் வாங்காதீர்கள். என்ன மரம், என்ன தோல், என்ன அளவு, என்ன நிறம் என்று எழுதச் சொல்லுங்கள். கடையின் பதிவுப் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் கட்டினால், சாமான் வரும் தேதியையும் எழுதி வாங்குங்கள். ‘தீபாவளிக்கு முன்னால வந்துடும்’ என்பது தேதி அல்ல.

இரசீதை அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். இயந்திரத்தில் அச்சாகும் இரசீது சில மாதங்களில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். சாமான் இறங்கும்போது வயதானவர்களைத் தனியே விடாதீர்கள். ஓட்டுநர் அவசரப்படுத்தினாலும் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், இழுப்பறைகளை இழுத்துப் பாருங்கள். பார்க்க நேரம் தராவிட்டால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ‘இன்னும் சோதிக்கவில்லை’ என்று எழுதிவிடுங்கள். கடையோடு பேசுவதைக் குறுஞ்செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியிருந்தால், ‘இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’ என்று பிறகு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

அடுத்த மாதம் அம்மாவும் நானும் வேறொரு கடைக்குப் போனோம். முதுகு நிமிர்ந்த இரண்டு மர நாற்காலிகளைத் தேர்ந்தெடுத்தார். உட்கார்ந்து பார்த்தார், யார் துணையும் இல்லாமல் எழுந்து பார்த்தார். கடைக்காரர் இரசீதைக் கிழித்து நீட்டியபோது அம்மா அதை வாங்கவில்லை. விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“என்ன மரம்னு இங்க எழுதிக் கொடுங்க தம்பி.”