நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது! நீச்சல் குளக் காவலுக்கும் சர்டிபிகேட் வேண்டும்

கோலார் தங்கவயல் இளைஞர்கள் பிழைப்புக்காகப் பெங்களூர் போவது புதிய செய்தி அல்ல. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு அது வீட்டுக்கு வீடு வாடிக்கையாகி விட்டது. காலையில் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரெயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. காவலாளி, எலெக்ட்ரீஷியன், ஓட்டல் சிப்பந்தி, கம்பெனி ஊழியர் என்று பல தரப்பினரும் அதில் உண்டு.

அந்த வேலைகளோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், ஓட்டல்களிலும், கிளப்புகளிலும், பள்ளிகளிலும் உள்ள நீச்சல் குளங்களுக்கு "லைப் கார்டு", அதாவது உயிர்காப்பாளர் தேவைப்படுகிறார். "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டு, தெரியும் என்றதும் கையில் விசிலைக் கொடுத்து நிறுத்திவிடும் இடங்களும் உண்டு. ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

சுரங்கம் கற்றுத்தந்த பாடம்

இந்த விஷயத்தைத் தங்கவயல்காரர்களுக்கு எளிதாகப் புரியவைக்கலாம். பத்து வருடம் பாறை குடைந்த அனுபவம் இருக்கிறது என்பதற்காகச் சட்டம் ஒருவர் கையில் வெடிமருந்தைக் கொடுத்து விடவில்லை. 1961-ம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகளின்படி வெடி வைக்க பிளாஸ்டர் சர்டிபிகேட் வேண்டும். ஆட்களை மேற்பார்வை செய்ய மேட் சர்டிபிகேட் வேண்டும். அந்தப் பரீட்சைகளுக்குப் போகிறவர் முதலுதவி சர்டிபிகேட்டும் வைத்திருக்க வேண்டும். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் அந்தப் பரீட்சைகளை எழுதியவர்கள்தான்.

ஒருவர் செய்யும் வேலையில் மற்றவர் உயிர் அடங்கியிருக்குமானால், "எனக்குத் தெரியும்" என்று வாயால் சொன்னால் போதாது. தேர்ந்து காட்ட வேண்டும். நீச்சல் குளத்துக்கும் இதே நியாயம்தான்.

சத்தம் வராது

தண்ணீரில் மூழ்குகிறவர் கையை ஆட்டி, "காப்பாற்றுங்கள்" என்று கூவுவார் என்று நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். நடப்பது வேறு. நியூயார்க் கடற்கரை ஒன்றில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா என்பவர், நிஜமாகவே மூழ்கியவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். நீச்சல் தெரியாதவர் மூச்சு விடவே திணறுவதால் அவரால் கூப்பிட முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். ஆட்டிக் காட்ட வராது. உடல் நிமிர்ந்தே இருக்கும். இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிதான். பிறகு ஆள் உள்ளே போய்விடுவார்.

ஆகவே உயிர்காப்பாளரின் முதல் வேலை நீந்துவது அல்ல, பார்ப்பது! ஆபத்தை 10 விநாடிக்குள் கண்டுகொள்ள வேண்டும், அடுத்த 20 விநாடிக்குள் ஆளை அடைய வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். காவலில் நிற்கும் நேரத்தில் அவரையே குளோரின் போடச் சொல்வதும், சீட்டுக் கிழிக்கச் சொல்வதும், குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தரச் சொல்வதும் காவலே இல்லாததற்குச் சமம்.

என்ன பரீட்சை?

1891-ம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட ராயல் லைப் சேவிங் சொசைட்டி, பிரிட்டனில் நீச்சல் குள உயிர்காப்பாளர் தகுதிச் சான்று வழங்குகிறது. அந்தப் பயிற்சியில் சேரவே சில தகுதிகள் வேண்டும். ஆழமான தண்ணீரில் குதிக்க வேண்டும். 50 மீட்டரை 60 விநாடிக்குள் நீந்த வேண்டும். குப்புறவும் மல்லாந்தும் 100 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். நின்ற நிலையில் 30 விநாடி மிதக்க வேண்டும். குளத்தின் அடித்தளம் வரை மூழ்கி எழ வேண்டும். ஏணி இல்லாமல் கரை ஏற வேண்டும். இவ்வளவும் பயிற்சிக்கு நுழைவுச் சீட்டு மட்டுமே. தேறியவருடைய சர்டிபிகேட்டுக்கும் ஆயுள் இரண்டே வருடம். பிறகு மறுபடியும் பரீட்சை.

கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகிய நம் பையன்கள் பலர் இந்த நீச்சல் பகுதியில் தேறிவிடுவார்கள். ஆனால் மற்றது புதிதாகக் கற்க வேண்டியது. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பார். வெறுங்கையோடு கிட்டே போனால் இரண்டு உயிர் போகும். அதனால்தான், முதலில் கரையில் இருந்தபடி கம்பையோ துணியையோ நீட்டு. எட்டாவிட்டால் கயிற்றையோ மிதவையையோ எறி. வேறு வழி இல்லை என்றால் மட்டும் மிதவையோடு தண்ணீரில் இறங்கு என்று பாடம் நடக்கிறது. ஆழமில்லாத பக்கத்தில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தெலும்பு முறிந்தவரை அசைக்காமல் பலகையில் ஏற்றும் முறையும் தனிப்பாடம்.

மூச்சுதான் முதல் மருந்து

மேலே கொண்டு வந்த பிறகு செய்ய வேண்டியதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், தண்ணீர் வர வயிற்றை அமுக்குவதும் பழைய வழக்கம். அதனால் நேரம் வீணாகும். வாந்தி நுரையீரலுக்குள் போகவும் கூடும். பிராணவாயு இல்லாமல் சில நிமிடங்கள் கழிந்தாலே மூளை கெடத் தொடங்கிவிடும்.

மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். ஐரோப்பிய முறையில் 5 தடவை. அமெரிக்க முறையில் 2 தடவை. அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டராவது அமுங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வேண்டும். இதற்குள் வேறொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். படித்தால் மட்டும் இது கை வராது. பொம்மையின் மேல் பல முறை செய்து பழக வேண்டும்.

எங்கே பயிற்சி?

புனேயில் உள்ள ராஷ்டிரிய லைப் சேவிங் சொசைட்டி உயிர்காப்பாளர் பயிற்சி தந்து சான்று வழங்குகிறது. கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தைச் சேர்ந்த தேசிய நீர் விளையாட்டு நிறுவனமும் உயிர்காப்புப் பயிற்சி நடத்துகிறது. கட்டணம், தேதி, அருகில் நடக்கும் முகாம் ஆகியவற்றை அந்த நிறுவனங்களிடமே நேரில் விசாரித்துக் கொள்வது நல்லது. அதற்கு முன், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பாதி தைரியம் வந்துவிடும்.

பயிற்சி இல்லாமல் இந்த வேலையை ஏற்கும் இளைஞர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குளத்தில் ஒரு குழந்தை இறந்தால் போலீசார் முதலில் கேட்பது, "அங்கே காவலுக்கு நின்றது யார்?" என்பதுதான். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக நிரூபிக்கப்பட்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை இருந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அது 5 ஆண்டு வரை ஆகியிருக்கிறது. பயிற்சி தராமல் விசிலை மட்டும் கொடுத்த முதலாளி மீது வழக்கு வருமோ வராதோ, விசிலை வாங்கியவர் பெயர் நிச்சயம் அடிபடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இப்படி இறப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் ஜூலை 25-ந்தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்தது.

குழந்தைகளை நீச்சலுக்கு அனுப்பும் பெற்றோர், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. காவலுக்கு நிற்பவர் யார், அவருடைய சர்டிபிகேட் எங்கே, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளையும் எல்லோரும் கேட்க ஆரம்பித்தால், படித்துத் தேறிய தங்கவயல் பையனுக்கு நல்ல சம்பளமும் கிடைக்கும். குளத்தில் இறங்கும் குழந்தையும் பத்திரமாக வீடு திரும்பும்.