எட்டாயிரம் பேர் கூடும் அரங்கம்: வாசல் கடைக்கு என்ன கிடைக்கும்?

வெலிங்டன், குன்னூர் வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மே மாத சீசன் முடிந்ததும் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. திறந்த மைதானத்தில் போட்டி வைத்தாலும் கச்சேரி வைத்தாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். "கூரை போட்ட பெரிய அரங்கம் ஒன்று இருந்தால் வருடம் முழுவதும் கூட்டம் வரும், வியாபாரமும் நடக்கும்" என்று தோன்றுவது இயல்பே. அந்த எண்ணத்தை வியாபாரியின் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

சென்னையில் நடந்தது

நம் மாநிலத்தில் இதற்குச் சரியான உதாரணம், சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கம். 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டிக் கட்டப்பட்டது. சுமார் 8,000 பேர் உட்காரலாம். கபடி, கைப்பந்து, கூடைப்பந்து, டேபிள் டென்னிஸ் எல்லாம் அங்கே நடக்கும். 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா அங்கேதான் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இசை வெளியீட்டு விழாவும் அங்கேதான்.

இதைப் பெரிய கல்யாண மண்டபம் என்று நினைத்துவிடக் கூடாது. கைப்பந்து ஆடும் இடத்துக்கு மேலே குறைந்தது 7 மீட்டர் உயரம் எந்தத் தடையும் இல்லாமல் இருக்க வேண்டும். உலகப் போட்டி என்றால் 12.5 மீட்டர். நடுவில் தூணும் நிற்கக் கூடாது. இன்று கபடி விரிப்பு, நாளை இசை மேடை என்று மாற்றிப் போடவும் வேண்டும். அதனால்தான் கட்டும் செலவும் பராமரிப்புச் செலவும் கூடுகின்றன. காலியாகக் கிடக்கும் நாளிலும் செலவு நிற்பதில்லை.

அரை மணி நேர வியாபாரம்

இப்போது நம் கணக்குக்கு வருவோம். இத்தகைய அரங்கங்களில் வெளி உணவும் தண்ணீரும் உள்ளே கொண்டுபோகப் பொதுவாக அனுமதி இல்லை. உள்ளே விற்கும் உரிமை குத்தகைதாரருக்குப் போய்விடும். வெளிக் கடைகளுக்கு மிஞ்சுவது நிகழ்ச்சிக்கு முன்னால் அரை மணி, முடிந்த பிறகு அரை மணி.

8,000 பேரில் பத்தில் ஒருவர் டீயும் வர்க்கியும் வாங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 800 பேர். ஒருவருக்கு 20 விநாடி என்றால், ஒரு கல்லாவில் அரை மணியில் 90 பேரைத்தான் கவனிக்க முடியும். 800 பேருக்கு ஒன்பது கல்லா வேண்டும். ஒற்றைக் கடைக்காரர் அன்றைக்கென்று ஆளும் சரக்கும் கூட்டினால், மறுநாள் மிஞ்சிய பாலும் பன்னும் அவர் தலையில்தான் விழும். நிகழ்ச்சி ரத்தானாலோ கேட்கவே வேண்டாம்.

மொத்த வியாபாரிக்கு வாய்ப்பு வேறு வகை. மேடை அமைப்போர், ஒலி ஒளிக்காரர்கள், விளையாட்டு வீரர்கள், காவலர்கள் என்று முன்கூட்டியே வந்து தங்குவோருக்குச் சமைத்துப் போட வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறிக்கான அந்த ஆர்டர் கேன்டீன் ஒப்பந்ததாரர் கையில் இருக்கிறது. அவரை முதலில் பார்ப்பவருக்கே அது கிடைக்கும்.

பக்கத்தில் இருந்தால் போதுமா?

நேரு அரங்கத்துக்கு அருகிலேயே அல்லிக்குளம் வணிக வளாகம் இருக்கிறது. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீயில் அழிந்தபின் அங்கிருந்த வியாபாரிகளுக்கு இங்கேதான் இடம் கொடுக்கப்பட்டது. பழைய மார்க்கெட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தது. ரயிலுக்குப் போகிறவரும் வருகிறவரும் தினந்தோறும் கடை வாசலைத் தாண்டித்தான் நடந்தார்கள். புதிய இடத்தில் கூரை கிடைத்தது. அந்த நடமாட்டம் கூடவே வரவில்லை. விழா நாளில் அரங்கத்துக்கு வரும் கூட்டம் வேறு, நாள்தோறும் கடை வழியாக நடக்கும் கூட்டம் வேறு என்பதை அந்த வியாபாரிகளின் அனுபவம் காட்டுகிறது.

சிங்கப்பூரில் 1989-ல் காலாங் பகுதியில் 12,000 பேருக்கான உள்ளரங்கம் திறக்கப்பட்டது. 2014-ல் அதை உள்ளடக்கிய விளையாட்டு வளாகத்தை அமைத்தபோது, ஒரு கடைவளாகத்தையும் சேர்த்தே கட்டினார்கள். அதில் பெரிய மளிகைக் கடையும் உண்டு. நிகழ்ச்சி இல்லாத நாளிலும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வருகின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்குக் கீழே கோவை அவினாசி சாலையில் கொடிசியா வளாகம் இருக்கிறது. அதை எழுப்பியது சிறுதொழில் முனைவோரின் சங்கம். கட்டியவர்களே தொழில் செய்பவர்கள் என்பதால், எந்த மாதம் எந்தக் கண்காட்சி என்பது அவர்கள் கையிலேயே இருக்கிறது.

மலைக்கு ஏற்ற அளவு

சென்னை அளவை அப்படியே மலைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? 8,000 பேர் காருக்கு நான்கு பேராக வந்தாலும் 2,000 வண்டி. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார இறுதி நாளில் 8,000 வாகனம், மற்ற நாட்களில் 6,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அந்த வார இறுதி வரம்பில் கால் பங்கை ஒரே நிகழ்ச்சி எடுத்துக்கொள்ளும். அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் குன்னூர் மலைப்பாதையில் நின்றால், நமக்கு வர வேண்டிய சரக்கு லாரியும் அதன் பின்னால்தான் நிற்கும். வெலிங்டனிலோ பெரும்பகுதி ராணுவக் கண்டோன்மென்ட் நிலம், சமதளமும் குறைவு, மலைப்பகுதிக் கட்டடங்களுக்குத் தனி விதிகளும் உண்டு.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரே நாளில் 8,000 பேர் வருவதும், மாதத்தில் இருபது நாள் 400 பேர் வருவதும் கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் 400 பேரில் பத்தில் ஒருவர் என்றால் 40 பேர். அவர்களை ஒரு சின்னக் கடையே நிதானமாகக் கவனிக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி, தோட்டத் தொழிலாளர் குடும்ப விழாக்கள், மழைக்கால பேட்மின்டன் என்று உள்ளூர்க்காரர்களே பயன்படுத்தும் நடுத்தர அரங்கம்தான் நம் கல்லாவுக்கு உகந்தது.

சங்கம் கேட்க வேண்டியவை

எந்த ஊரில் அரங்கம் பற்றிப் பேச்சு வந்தாலும், அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே நம் சங்கங்கள் நான்கு விஷயங்களைக் கேட்டாக வேண்டும்.

1. வருடத்தில் எத்தனை நாள் நிகழ்ச்சி நடக்கும்? அட்டவணையை ஒரு மாதம் முன்பே தருவார்களா?

2. சுற்றுச்சுவரில் கடைகள் உண்டா? உள்ளூர் வியாபாரிக்கு முன்னுரிமை உண்டா?

3. வாகனங்கள் எங்கே நிற்கும்? அங்கிருந்து மக்கள் கடைவீதி வழியாக நடப்பார்களா, பின்வாசல் வழியாகப் போய்விடுவார்களா?

4. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையுள்ள நம் மாவட்டத்தில் குடிநீருக்கு என்ன ஏற்பாடு? குப்பையை யார் அள்ளுவது?

வரைபடம் மேசையில் இருக்கும்போது ஒரு வாசலை இடம் மாற்ற பென்சில் போதும். கட்டி முடித்தபின் மனு எழுதி அலைவதுதான் மிச்சம். எனவே அன்பர்களே, அரங்கம் எத்தனை பெரியது என்று விசாரிக்கும் முன், அதன் வாசல் எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள்.