கையும் காப்பும்

நிலாவெளியில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு என் தமக்கையார் செல்லாத மாதங்கள் சில உண்டு. தடுத்தவன் நானே. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்று அவர் வீடு திரும்பியபோது, இடக் கக்கத்திலிருந்த நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டிருந்தன. கை வீங்கக்கூடும், கவனம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அச்சொல்லை நான் சட்டமாக்கிக்கொண்டேன். வாளி தூக்கலாகாது, தேங்காய் துருவலாகாது, மீன் வெட்டலாகாது.

"தம்பி, வருத்தம் வந்தது மார்பிலை. கையை ஏன் கட்டிப்போடுறாய்?" என்று அவர் கேட்டார். விடை கூற இயலாது நின்றேன். அச்சத்தையே அன்பென்று எண்ணியிருந்தேன் போலும்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. உடலின் இழையங்களில் எஞ்சும் நீரைத் திரட்டி மீண்டும் குருதியிற் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள்; அவை வயலின் வடிகாலை ஒப்பன. கையிலிருந்து வரும் வடிகால்களிற் பெரும்பாலானவை கக்கத்துக் கணுக்கள் வழியே செல்கின்றன. நோய் பரவியுள்ளதா என்று அறியவும், பரவியதை நீக்கவும் அக்கணுக்களை எடுக்கும்போது வழி குறுகுகின்றது. கதிர்ச்சிகிச்சையும் அதனை மேலும் குறுக்கலாம். நீர் தேங்கினால் கை வீங்கும். ஆண்டுகள் பல கழிந்த பின்னும் வீங்கும்.

அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1921இல் இவ்வீக்கத்துக்குச் 'சத்திரசிகிச்சை யானைக்கால்' என்று பொருள்படும் பெயரை இட்டார். நம் நாட்டவருக்கு அப்பெயரே நடுக்கம் தரும். ஆயின் இது நுளம்பினால் வருவதன்று, தொற்றுவதுமன்று. நுளம்பு பரப்பும் யானைக்கால் நோயை இலங்கை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது.

எல்லாருக்கும் இவ்வீக்கம் வருவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, கக்கக் கணுக்களை விரிவாக அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கும், முதலில் நிணநீர் வந்தடையும் காவற்கணுவை மாத்திரம் எடுத்துச் சோதித்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 6 பேருக்கும் வீக்கம் வந்ததெனக் கணித்தது.

ஒரு நாள் மேற்றட்டிலிருந்த போத்தலை எடுக்கக் கையை உயர்த்திய தமக்கையார் பாதியில் நிறுத்திவிட்டார். கை வீங்கவில்லை, தோள் இறுகிவிட்டது. திருகோணமலையில் ஓர் இயன்மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். என் சட்டங்களைக் கேட்டு அவர் சிரித்தார். தசை சுருங்கி விரியும்போதுதான் நிணநீர் முன்னே தள்ளப்படுகின்றது என்றார். பின்னர் நான் படித்தறிந்த செய்தியும் அதற்கு ஒத்திருந்தது. அமெரிக்காவில் கத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், வீக்கம் ஏற்கெனவே உற்ற பெண்களுக்கே சிறிது சிறிதாகப் பளுத்தூக்கும் பயிற்சி அளித்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். வீக்கம் கூடவில்லை, வலிமையே கூடிற்று.

இப்போது எங்கள் வீட்டிலே சட்டங்கள் வேறு. இயன்மருத்துவர் சொன்ன அளவில் அரைவாளியிலே தொடங்கி, தமக்கையார் முழுவாளிக்கு வந்துவிட்டார். மீன் வெட்டும்போதும் தோட்டத்திலும் கையுறை அணிகிறார். சிறு கீறலாயினும் சவர்க்காரமிட்டுக் கழுவுகிறார். கை சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கிருமித்தொற்று எஞ்சிய வடிகால்களையும் கெடுத்துவிடும். மாதமொருமுறை இரு கைகளையும் நாடாவால் அளந்து குறித்துக்கொள்கிறோம். கை கனப்பதும், மோதிரமோ காப்போ இறுகுவதும் முதற் குறிகள். தொடக்கத்திலேயே கவனித்தால் வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது எளிது.

காப்பு என்பது வளையலுக்கும் பெயர், காவலுக்கும் பெயர், நூலின் முன்னே பாடும் செய்யுளுக்கும் பெயர். இதனை மாணவர்க்கு எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். காப்புப் பாடுவது இடையூறின்றி நூலைப் பாடி முடிப்பதற்காகவே. நானோ காப்பை மட்டும் பாடிவிட்டு, நூலைப் பாடாமலே ஏட்டைக் கட்டிவைக்கப் பார்த்தேன்.